அந்தச் செடி வளரும் இடம்

மக்கா,

ஒன்பது நாளாக உன் படத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். ஒரு படம், அதன் கீழே "அப்பா, இது என்ன செடி?" என்று ஒரு வரி. "தெரியவில்லை, எங்கே எடுத்தது?" என்று அன்றைக்கே பதில் போட்டேன். தெரியவில்லை என்றது பொய். ஒரு காலத்தில் தினமும் கூட இருந்த ஆளைப் பாறசாலை ஸ்டேஷன் கூட்டத்தில் முதுகுப்பக்கம் பார்த்தாலே நாம் கண்டுகொள்வோம் இல்லையா, அப்படித்தான் அந்தச் செடி என் கண்ணில் பட்டது. பெயர் தெரியும், குடும்பம் தெரியும், அதன் வேர் எவ்வளவு தூரம் ஓடும் என்றுகூடத் தெரியும். நீ எங்கே நின்று அதைப் படம் எடுத்தாய் என்பதுதான் தெரியவில்லை. "ஆபீஸ் பக்கத்துலப்பா, ரோட்டோரம்" என்று நீ எழுதினாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து நீ இரண்டு வருடமாகச் சொன்ன ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வளைகுடாவில், தம்மாமில் ஒரு கம்பெனி ஆபீஸ், வருகிற போகிற காகிதங்களைச் சரிபார்த்து அடுக்கும் வேலை, ஜன்னலைத் திறந்தால் கடல். நீ சொன்னது இதுதான். கடலோரத்து உப்புத் தரையில் என்ன வளரும் என்று எனக்குத் தெரியும். தரையோடு ஒட்டிய, கிள்ளினால் நீர் வரும் தடித்த செடிகள் வளரும். ரோட்டோரம் என்றால் நகராட்சிக்காரன் குழாய்போட்டு வளர்க்கும் கோனோகார்பஸ் வேலி இருக்கும். நீ அனுப்பியது இரண்டும் இல்லை. வெள்ளை பாய்ந்த, கோணல்மாணலான தண்டு. அதிலிருந்து சவுக்கு ஊசிபோலப் பச்சைக் குச்சிகள், கணுவுக்குக் கணு வீங்கி, இலை இருக்கிறதா என்றே சந்தேகப்படும்படி. குச்சிகளுக்கு நடுவே சிவப்பு ரோமம் மூடிய காய்கள், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ரம்புட்டான் காய்த்தால் எப்படி இருக்கும், அப்படி. உயிருள்ள மணலில், காற்றடித்தால் இடம் மாறுகிற குன்றுகளில் வளரும் செடி அது. உப்பு அதற்கு ஆகாது. ஊருக்கு அருகே மணல்குன்று இருந்தாலும், விடுமுறைக்கு வருகிறவர்கள் தீ மூட்ட ஒடித்து ஒடித்து மொட்டையாக்கிவிடுவார்கள். இது ஆள் மார்பு உயரத்துக்கு வளர்ந்த பழைய புதர். ஆட்கள் வராத உள்நாட்டில்தான் இப்படி ஒன்று மிஞ்சும்.

செடியை மட்டும் பார்த்திருந்தால் விட்டிருப்பேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்நுனிகள் எல்லாம் ஒரே உயரத்தில் மொட்டையாக இருந்தன. அது வெட்டியதல்ல, கடித்தது. அந்த உயரத்துக்கு ஆடு எட்டாது, ஒட்டகம் எட்டும். இடது மூலையில் நீல நிறத்தில் ஏதோ தெரிந்தது. அது நீளவாக்கில் பாதியாக அறுத்த டிரம். மிருகங்களுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பது. உன் ஆபீசில் யார் அதில் தண்ணீர் குடிக்கிறார்கள்?

மறுநாள் நானே உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கும்.

"எலே, அந்தச் செடி இருக்கிற எடத்துல தரை எப்பிடி? களிமண்ணா மணலா?"

"மணலு தான்ப்பா. இஞ்ச எல்லாம் மணலாக்கும்."

"பக்கத்துல கட்டடம் ஒண்ணும் காணேல்லியே."

"நான் செடிய மட்டும் எடுத்தேன்ப்பா. என்னப்பா போலீசுகாரன் கணக்கா கேக்குதியோ?"

"அந்த நீல டிரம்மு எதுக்கு?"

நீ இரண்டு தரம் ஹலோ ஹலோ என்றாய். பிறகு, "ரேஞ்சு கட்டாவுதுப்பா, நான் பின்ன கூப்பிடுதேன்" என்றாய். கடல் தெரியும் ஆபீசில் ரேஞ்சு கிடைக்காமல் போவது எனக்கு விசித்திரமாக இருந்தது. நீ திரும்பக் கூப்பிடவும் இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பேன். அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் ஓலை வாசிக்கிறார்கள். லெந்து நோன்பு முடிந்து ஈஸ்டரும் கழிந்துவிட்டது, இனிக் கல்யாணங்கள் தொடங்கும். நம் சபையில் ஓலை என்றால் சும்மா பெயர் வாசிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். இன்னாருடைய மகன், இன்ன வேலை, இப்போது இருக்கும் இடம் இன்னது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் வாசித்து, தடை சொல்ல ஆள் உண்டா என்று கேட்பார்கள். அந்த விவரத்தை மாப்பிள்ளையின் தகப்பன் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உபதேசியார் தாளைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போய்விட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வாங்க வருவார். பெயர், தகப்பன் பெயர், ஞானஸ்நானம் எல்லாம் எழுதிவிட்டேன். வேலை, இருப்பிடம் என்ற இரண்டு கட்டமும் காலியாகக் கிடக்கின்றன.

போன ஞாயிறு நானும் உன் அம்மாவும் ஒற்றசேகரமங்கலத்துக்குப் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். நல்ல மனிதர்களை நான் அவ்வளவு எளிதில் நம்புகிறவன் இல்லை என்பதால் இதைச் சொல்கிறேன். "பையனுக்கு ஏசி ரூமிலயாக்கும் ஜோலி, இல்லியா?" என்று கேட்டார். உன் அம்மா, "ஏசி தான். எப்பளும் சளியாக்கும் அவனுக்கு. ஆவி பிடிடேன்னு சொன்னா கேக்கமாட்டான்" என்று பெருமையும் கவலையுமாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். பலாப்பழ அப்பமும் சாயாவும் கொண்டுவந்து வைத்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் புறப்படும்போது வாசலில் என் பக்கம் வந்து நின்று, பிறருக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"அங்கிளே, அவரு போன் பேசும்போ பயங்கர காத்து சத்தம் கேக்கும். ஆபீசுக்குள்ள அவ்வளவு காத்து உண்டோ?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது ஏசிக்க சத்தமாக்கும் மோளே" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாக்கில் தயாராக இருந்தது போல வந்து விழுந்தது. அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. ஒரு சோதனைக்கூடத்தில் நாள் முழுவதும் கண்ணாடித்தட்டைப் பார்த்து இது இன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற பெண் அவள். நான் சொன்னதையும் அப்படிப் பார்த்து எழுதிக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் உன்மேல்தான் கோபமாக இருந்தது. நெய்யாற்றின்கரையில் இறங்கும்போது அந்தக் கோபம் வேறு ஆளைத் தேடிப் போயிற்று. உனக்காக அவ்வளவு சுலபமாக ஒரு பொய் சொல்ல எனக்கு எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முன்பு இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் ராஜஸ்தானில் ஆராய்ச்சி செய்தேன் என்று உனக்குச் சொல்லி வளர்த்திருக்கிறேன். ஜோத்பூரில் ஒரு தாவரக் கணக்கெடுப்பில் இருந்தேன், அங்கிருந்த மூத்த அதிகாரி தெற்கத்திக்காரன் என்று என்னை ஓரங்கட்டி வெளியே தள்ளிவிட்டார், இல்லாவிட்டால் இன்றைக்கு நான் பாரலல் காலேஜில் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கேள்வி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கமாட்டேன், இப்படி. சோறு உண்ணும்போது எத்தனை தரம் கேட்டிருப்பாய்! கேட்டுக் கேட்டு நீயே அந்த மனிதரை வெறுத்தாய். பத்தாம் வகுப்பில் ஒரு நாள் "அந்த ஆளு இப்பம் உயிரோட உண்டா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாய். எனக்கு அன்று உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நடந்தது வேறு. உப்புத் தரை ஒன்றுக்குப் போய் அங்கே வளரும் செடிகளைச் சேகரித்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மூன்று நாள் வேலை. ஜீப் வழியில் ஒரு மணல்குன்று அடிவாரத்தில் நின்றுபோயிற்று. டிரைவர் உதிரி பாகம் வாங்கப் போனான். ஒட்டகப்பாதை ஓரத்தில் ஒரு சாயாக்கடை. எனக்கு இருபத்தைந்து வயது, அந்த வெயிலில் பார்ப்பதெல்லாம் ஆடியது. மீதி தூரத்தை நடக்கலாம், அல்லது வேறு வண்டி பிடிக்கலாம். நான் சாயாக்கடையிலேயே மூன்று நாளும் இருந்துவிட்டு, சுற்றிலும் நின்ற செடிகளை ஒடித்துத் தாளில் வைத்து அழுத்தி, எல்லா லேபிளிலும் அந்த உப்புத் தரையின் பெயரை எழுதினேன். சேகரித்த இடம் என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில்தான் எழுதினேன். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அதில் ஒரு தாளில் இருந்தது நீ அனுப்பிய செடிதான். அங்கே அதை போக் என்பார்கள். நீ இருக்கும் பக்கத்தில் அர்தா என்பார்கள் என்று படித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றேதானா, அண்ணன் தம்பியா என்று புத்தகங்களுக்குள் இன்னும் தகராறு உண்டு. அந்த அதிகாரி தாளைக் கையில் எடுத்தார், காயைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தச் செடி இந்தத் தரையில் வளராது. நீ அங்கே போகவே இல்லை" என்றார். குரலை உயர்த்தவில்லை. மற்றத் தாள்கள் எதையும் அவர் திறக்கவில்லை. அந்த வாரமே என்னை அனுப்பிவிட்டார்கள். நான் எந்த ஊர்க்காரன் என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை மக்கா. இத்தனை வருடமும் நான் திட்டிக்கொண்டிருந்தது, என் பொய்யை ஒரே பார்வையில் கண்டுபிடித்த ஒரு மனிதரை.

ஊருக்குத் திரும்ப முகமில்லை. என் அப்பாவுக்கு நான் ஆராய்ச்சியாளன். சபையில் என்னைப் பற்றிச் சொல்லாத ஆள் இல்லை. அதனால் மணல் நகராமல் இருக்கக் குன்றுகளின் மேல் சுள்ளி நட்டுக் குறுக்கும் நெடுக்குமாக வேலி கட்டும் கூலிக் கூட்டத்தில் சேர்ந்தேன். எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் பெயர் கூப்பிடும் வேலையும் தந்தார்கள். பதினொரு மாதம். போக் செடியை நான் அங்கேதான் படித்தேன். வேலிக்குச் சுள்ளி வெட்டினேன். அதன் வேர் மண்ணுக்கு மேலோடே எத்தனையோ முழம் ஓடுவதைக் காலில் தட்டித் தெரிந்துகொண்டேன். கூட வேலை செய்த பெண்கள் அதன் பூமொட்டை மோரில் போட்டு எனக்கும் ஒரு கிண்ணம் தருவார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு, நிழல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து, "அன்புள்ள அப்பாவுக்கு, ஆராய்ச்சி நன்றாகப் போகிறது" என்று எழுதுவேன். ஆபீஸ் முகவரிதான் போடுவேன். அங்கே ஒரு பியூன் எனக்கு வரும் கடிதங்களை வாங்கி வைத்திருந்தான்.

அப்படி இருக்கும்போதுதான் உன் அம்மாவைப் பேசி முடித்தார்கள். பாலராமபுரம் பக்கத்தில் அவளுடைய சபையில் மூன்று ஞாயிறு என் ஓலையை வாசித்தார்கள். "ஆராய்ச்சியாளர், ஜோத்பூர்." என் அப்பா தன் கையால் எழுதிக் கொடுத்தது. அவர் பொய் எழுதினார் என்று சொல்லமாட்டேன், எனக்குத் தெரிந்த பொய்யை அவர் உண்மை என்று எழுதினார். கோயிலில் யாரும் தடை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. வெளியே தள்ளிவிட்டார்கள் என்ற கதையை அப்போது கட்டினேன். பொய்யை மறைக்க ஒரு வேலை போன கதை, அதை மறைக்க ஒரு எதிரி. அந்த எதிரிக்குச் சாப்பாடு போட்டு இத்தனை வருடம் வளர்த்தேன்.

உன் மாமாவை நான் ஏன் வீட்டுப் படி ஏறவிடுவதில்லை என்று நீ கேட்பாய். உன் அம்மாவின் அண்ணன், பட்டாளத்தில் இருந்தவர். கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் வந்து நின்று, நாலு பேர் கேட்க, "சயன்டிஸ்ட் மாப்பிள, ஒரு கிளாஸ் போஞ்சி கூட குடியும். பாலைவனத்துல கெடந்து தொண்ட வறண்டிருக்கும்லா" என்றார். சிரித்தார்கள். என் கையில் இருந்த எலுமிச்சைத் தண்ணீர் பாதி இலையில் சிந்தியது. அவருக்கு ஏதோ தெரியும் என்று சந்தேகப்பட்டேன். என்ன தெரியும், எவ்வளவு தெரியும், யாரிடம் சொன்னார் என்று தெரியாது. அதனால் அவரை வெறுத்தேன். உன் ஞானஸ்நானத்துக்கு அவர் கொண்டுவந்த சங்கிலியைத் திருப்பி அனுப்பினேன். பூவாறில் அவர் மகன் ரிசார்ட்டில் படகு ஓட்டுகிறான் என்பதைக்கூட ஒரு குறையாக உன்னிடம் பேசியிருக்கிறேன். அவர் செய்த குற்றம் ஒரு கிளாஸ் போஞ்சி.

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். நீயும் அவளும் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள் என்றும் எனக்குச் சந்தேகம் இருந்தது. நான் உள்ளே வந்தால் அவள் போனை வைத்துவிடுகிறாள்.

"ஒன் மவன் எங்க இருக்கான்? சத்தியமா சொல்லு."

"எனக்கு எப்பிடித் தெரியும்? தம்மாமுன்னு தான் சொல்லுகான்."

"நம்புதியா?"

அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "வீடியோவில வரும்போ எப்பளும் வண்டிக்குள்ள இருந்து தான் பேசுகான். ரூமக் காட்டுடேன்னா கூட்டாளி ஒறங்குகான்னு சொல்லுவான். ரெண்டு வருசமாட்டு அந்தக் கூட்டாளி ஒறங்கியே கெடக்கான். ஒதடு வெடிச்சுக் கெடக்கு. ஏசியில இருக்கவனுக்கு காது நுனி கரியுமா?"

"பின்ன என்னத்துக்கு அவங்க வீட்டுல போயி ஏசி, சளின்னு சொன்ன?"

"நீங்களும் தானே சொன்னியோ. அந்தக் குட்டி ஒங்களுக்கிட்ட கேட்டது எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியளா?"

அப்போது அவள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒங்களுக்க ஓலை ரெண்டாவது தடவ வாசிச்ச அன்னைக்கு அண்ணன் லீவுல வந்தாரு. கூட்டாளி ஒருத்தன ஜோத்பூருக்கு அனுப்பி விசாரிச்சிருக்காரு. அங்க அப்பிடி ஒரு ஆளு இப்பம் இல்ல, வெளிய மணல் வேலைக்குப் போறான்னு சொல்லிட்டாங்க. அண்ணன் கோயில்ல எழும்பி நின்னு தடை சொல்லப் போறேன்னு குதிச்சாரு. நான் தான் சொன்னேன், வேண்டாம், மூணாவதும் வாசிச்சோட்டும்னு."

"ஏன்?"

"மணல் வேல செய்யுதது குத்தமா? சொல்லுவாருன்னு நெனச்சேன். இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு. நீங்க சொன்னதெல்லாம் அந்த ஆபீசர ஏசினது தான். கேட்டியளா, எனக்கு அந்த ஆபீசருக்க பேரே மனப்பாடம் ஆயிட்டு."

இதைச் சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருபத்தெட்டு வருடம். நான் என் பொய்யைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன், அவள் கதவு திறந்தே கிடப்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறாள். யார் வந்து என்ன பேசினாலும், இவனுக்குத் தெரியுமோ, அவள் சொல்லியிருப்பாளோ என்று துருவித் துருவிப் பார்த்தவன் நான். என் சந்தேகத்தை நீங்கள் எல்லாரும் என் குணம் என்று நினைத்தீர்கள். திருடியவன் தன் பெட்டிக்குப் பூட்டு போடுவானே, அதுதான் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குச் செடித்தாள் செய்தது நினைவிருக்கும். அடம்பு, ஆட்டின் குளம்பு போல இலை, ஊதாப் பூ. சேகரித்த இடம் பூவாறு கடற்கரை என்று எழுதியிருந்தாய். நீ தனியாகப் பூவாறுக்குப் போயிருக்கமாட்டாய், யாரோ கொண்டுவந்ததை ஒட்டிவிட்டு இடத்தை இட்டுக்கட்டி எழுதியிருக்கிறாய் என்று நான் முடிவுசெய்தேன். "போனேன்ப்பா, சத்தியமா போனேன், பஸ்ஸில போனேன்" என்று நீ அழுதாய். உன் கன்னத்தில் அடித்தேன். தாளைக் கிழித்தேன். எங்கே கற்றாய் இந்தப் பொய்யை என்று கத்தினேன். அதைக் கத்துவதற்கு இந்த உலகத்திலேயே அருகதை இல்லாத ஒரு ஆள் நான்தான். மறுநாள் காலை உன் செருப்பை எடுத்து ஓரமாகப் போடும்போது அதிலிருந்து மணல் கொட்டியது. வெள்ளை மணல், கடற்கரை மணல், சிப்பித் துண்டோடு. நம் வீட்டைச் சுற்றிச் செம்மண் தவிர வேறு கிடையாது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போனேன். நீ வேறு ஏதோ செடியை வேலியிலிருந்து பறித்து, வீட்டு வளாகம் என்று எழுதிக் கொடுத்தாய் என்று பிறகு அறிந்தேன். உண்மையான இடத்தை எழுதினால் இந்த ஆள் நம்பமாட்டான், அவனுக்குப் பிடித்த இடத்தை எழுதுவதுதான் லாபம் என்று அன்றைக்கு நீ படித்துக்கொண்டிருந்தால் அதற்கு ஆசிரியர் நான்.

அதனால்தான் இந்த ஒன்பது நாளில் எனக்கு வேறொரு சந்தேகமும் முளைத்திருக்கிறது. உனக்கு இந்தச் செடியின் பெயர் எதற்கு? நீ செடி கொடி பார்க்கிற ஆள் இல்லை. அன்றைக்குப் பிறகு என்னிடம் ஒரு இலையைக்கூடக் காட்டிக் கேட்டதில்லை. வேண்டுமானால் போனே பெயர் சொல்லும் காலம் இது. கல்யாணம் நெருங்கும் நேரத்தில், டிரம்மும் தெரியும்படி எடுத்த ஒரு படத்தை, வாழ்நாள் முழுவதும் எந்தச் செடி எங்கே வளரும் என்று பேசிக்கொண்டிருக்கும் ஒரே ஆளுக்கு ஏன் அனுப்பினாய்? வாயால் சொல்ல முடியாததை நான் கண்டுபிடிக்கட்டும் என்று அனுப்பினாயா? அப்படியானால் நான் "தெரியவில்லை" என்று பதில் போட்டது உன்னை மறுபடியும் ஒரு தரம் அடித்ததுபோலத்தான். இல்லை, இதுவும் என் கற்பனையாக இருக்கலாம். நீ உண்மையிலேயே சும்மா கேட்டிருக்கலாம், யாரோடோ ஒரு நாள் மணலுக்குள் போயிருக்கலாம். அப்படி இருந்தால் இந்தக் கடிதம் முழுவதும் ஒரு கிழவனாகப் போகிறவனின் பிதற்றல் என்று வைத்துக்கொள்.

நீ அங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறாயா, ஒட்டகத் தொழுவத்தில் இருக்கிறாயா, குழாய் பதிக்கிற முகாமில் இருக்கிறாயா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் எனக்குத் தலைகுனிவில்லை. உடம்புக்குச் சுகம் உண்டா, பாஸ்போர்ட் உன் கையில் உண்டா, நினைத்தால் கிளம்பி வர முடியுமா, இந்த மூன்றுக்கும் எனக்கு உடனே பதில் வேண்டும். மற்றது எனக்கு முதலில் வேண்டாம். ஒற்றசேகரமங்கலத்தில் அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் வேண்டும். அவளுக்கு அண்ணன் இல்லை, ஜோத்பூருக்கு ஆள் அனுப்பி விசாரிக்கப் பட்டாளக்காரன் இல்லை. அவளிடம் இருப்பது போனில் கேட்கும் காற்றுச் சத்தம் மட்டும். அவள் அதை வைத்தே பாதி தூரம் வந்துவிட்டாள். மீதியை அவள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதே. கண்டுபிடித்துவிட்டு, உன் அம்மாவைப் போலப் பேசாமல் இருந்துவிட்டால் அது உனக்கு அதிர்ஷ்டம் என்று நினைக்காதே. நான் அப்படித்தான் நினைத்திருப்பேன், இந்தச் செவ்வாய்க்கிழமை வரை. தெரிந்தும் பேசாமல் இருக்கிற ஒருத்தியோடு ஒரே கூரையின் கீழே இருப்பது என்னவென்று இப்போதுதான் எனக்குத் தெரியவந்திருக்கிறது. அவள் வேண்டாம் என்று சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும். நான் போய் அவள் அப்பாவிடம் பேசிக்கொள்கிறேன். ஏசி சத்தம் என்று நான் சொன்ன பொய்க்கும் சேர்த்து.

இந்தக் கடிதத்தை நீ தந்த தம்மாம் முகவரிக்குத் தபாலில் போட எனக்குத் தைரியம் இல்லை. அங்கே ஒரு பியூன் வாங்கி வைப்பான் என்று சந்தேகம். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். உன் அம்மா படித்துவிட்டாள். ஒரு வரியை மட்டும் அடிக்கச் சொன்னாள், நான் அடிக்கவில்லை. மாமாவுக்குக் காட்ட வேண்டும் என்றால் காட்டு. நானாகப் போய்ச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அந்த மனிதரின் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஒரே வாரத்தில் எல்லாம் மாறிவிடாது.

நீ கேட்ட கேள்விக்கு ஒன்பது நாள் தாமதமாகப் பதில். முறைப்படி ஒரு லேபிள் எழுதி, உன் படத்தைக் கடையில் அச்செடுத்து அதன் கீழே ஒட்டியிருக்கிறேன். பெயர்: போக், அர்தா. வளரும் தரை: நகரும் மணல்குன்று. தோற்றம்: ஆள் மார்பு உயரம், பழைய புதர், மேல்நுனி மேயப்பட்டது, காய் முற்றியது. சேகரித்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். சேகரித்த இடம் என்ற வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். ஓலைத் தாளிலும் வேலை, இருப்பிடம் என்ற கட்டங்களை அப்படியே விட்டிருக்கிறேன். இரண்டும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, உபதேசியார் சனிக்கிழமை சாயங்காலம் வருவார். அவளிடம் சொன்ன பிறகு எனக்கு அந்த ஊரின் பெயரையும் வேலையையும் மட்டும் எழுதி அனுப்பு. ஊர் இல்லாத இடம் என்றால் அதையும் அப்படியே எழுது. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கமாட்டேன், தரை எப்படி என்று கேட்கமாட்டேன். உன் செருப்பைக் கவிழ்த்து மணல் கொட்டுகிறதா என்று பார்க்காமலே, நீ சொன்ன இடத்தை இரண்டு தாளிலும் என் கையால் எழுதுவேன்.

அப்பா